நரம்பைத் தாண்டிய பச்சை

வீட்டுக்கு வெள்ளையடித்து மிச்சமான சுண்ணாம்பு மூட்டைகளை வீணாக்குவானேன் என்று மரவள்ளிக் காட்டில் இறைத்த மேதை நான்தான். இந்த வருடம் எங்களுக்கு இருக்கும் ஒரே வெள்ளாமை அது. மண்ணின் இரும்புச்சத்தைச் செடிக்கு எட்டவிடாமல் சுண்ணாம்பு கட்டிப்போட்டதில், இப்போது கொழுந்து இலைகளெல்லாம் மஞ்சளடித்து நிற்கின்றன. நரம்பு மட்டும் பச்சை. ஒரு வாரமாகச் சொட்டுநீரில் இரும்புச்சத்து மருந்தைக் கலந்து விட்டுப் பார்க்கிறாள் என் மனைவி பூங்கோதை. காலை வெயில் சாய்வாக விழுகிறது. குழாய்த் துளைகளில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. “பொழைக்குமா?” என்கிறேன். “அதைய வெள்ளையடிச்சவங்களத்தான் கேக்கோணும்,” என்கிறாள் திரும்பாமல். சில நாட்களாக எதைக் கேட்டாலும் இந்த மாதிரிதான் பதில். சோறு இருக்கிறதா என்று கேட்டால்கூட. விரல்களாய் விரிந்த ஓர் இலையைக் கிள்ளாமல் வளைத்து, வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறாள். நானும் தலையை நீட்டுகிறேன். நரம்புக்குள்ளேயே அடைந்து கிடந்த பச்சை இரு கரையிலும் கசிந்து, பக்கத்து மஞ்சளுக்குள் மயிரிழையாய் இறங்கியிருக்கிறது, மடை திறந்ததும் பாத்தி ஓரம் நனைவதுபோல. அவள் பெருவிரல் அந்த ஓரத்தை மெதுவாகத் தடவுகிறது. மறுபடி கேட்க எனக்குத் தைரியமில்லை. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுகிறேன். “பொழச்சுக்குமுங்க,” என்கிறாள், என் முகத்தைப் பார்த்து.