இடது கால் அளவு

"இடது கால் மட்டும் போதும்ணா. ஜோடி வேணாம்."

பரந்தாமன் எட்டிப் பார்த்தார். கேட்டவனுக்கு இரண்டு கால்களும் இருந்தன. முப்பது வயதுக்குள் இருப்பான்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய கடை அது. ஏற்றுமதியில் கழித்துவிட்ட ஷூக்கள் ஒரு பக்கம் கிடக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்காக ஒற்றையாகச் செய்த சாம்பிள்கள் இன்னொரு பக்கம்.

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்க. ஆனா சாம்பிள் எல்லாம் வலது கால் தம்பி. பேக்டரில அப்படித்தான் போடுவாங்க. இடது எப்பவாவது ஒண்ணு தப்பி வரும். பேரு, ஊரு சொல்லு. வந்தா போன் பண்றேன்."

"பிரேம்நாத். பேர்ணாம்பட்டு. ஆனா திங்கக்கிழமைக்குள்ள வேணும்ணா."

"இன்னா அவ்ளோ அவசரம்?"

"எனக்கில்லணா, ஒத்தக் கால் உள்ள ஒருத்தருக்கு. அன்னிக்கு வேலைல சேரணும் அவரு. பேக்கிங் செக்‌ஷன்ல, ஒக்காந்துகினு ஷூவுக்குள்ள பேப்பர் திணிக்கிற வேலை. மூடின ஷூ இல்லன்னா கேட்டுலயே நிறுத்திடுவாங்களாம். திங்கக்கிழமை உள்ள போவலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

"அப்ப ஜோடியாவே வாங்கிக்கினு போயேன். ஒத்தைக்கு ஆவுற வெலையே குடு. எனக்கு இன்னா."

"நானும் சொன்னேன். இன்னொண்ணு வீட்ல சும்மா கெடக்கும், அதப் பாத்துக்கினு இருக்க முடியாதுன்னுட்டாரு."

பரந்தாமன் ஏணியை எடுத்துப் பரணில் சாத்தினார். பிரேம்நாத் வந்து பிடித்துக்கொண்டான்.

"சர்க்கரையா அவருக்கு?" மேலே கோணிப்பையை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"இல்லணா. அடிச்சிட்டாங்க."

"யாரு?"

"ஜனங்கதான். மூணு வருஷம் ஆச்சு. ரத்தினசாமின்னு பேரு. குடியாத்தத்துல லுங்கி எடுத்து வண்டில கட்டிக்கினு ஊர் ஊரா விப்பாரு. ஒரு ஊர்ல கொழந்தை ஒண்ணு அழுதுகினு இருந்துச்சு. பிஸ்கட் வாங்கிக் குடுத்தாரு. அந்த போட்டோ வாட்ஸ்அப்புல போயிடுச்சு, புள்ள புடிக்கிறவன்னு. அடுத்த ஊர் போறதுக்குள்ள அங்க ஆள் நின்னுக்கினு இருந்தாங்க. வண்டியோட தள்ளி அடிச்சாங்க. வலது கால எடுக்க வேண்டியதாயிடுச்சு."

பரந்தாமனின் கை கோணிக்குள்ளேயே நின்றது.

"பழைய மொபெட்டு. பின்னால பெரிய மூட்டை. அந்த போட்டோவா?"

"அதேதாண்ணா."

"எனக்கும் வந்துச்சுப்பா அது. நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன். பேத்திய அப்பதான் ஸ்கூல்ல சேத்திருந்தோம்." அடுத்த கோணியை இழுத்தார். "எல்லாந்தான் அனுப்பினாங்க."

"ஆமாண்ணா. எல்லாரும் அனுப்பினாங்க."

"அத மொத மொதல்ல போட்டான் பாரு ஒருத்தன், அவன் கைய ஒடைக்கணும். அவன் ஒருத்தனால எவ்ளோ பேஜாரு."

பிரேம்நாத் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்து எறங்குங்கண்ணா."

மூன்றாவது கோணியில்தான் கிடைத்தது. கருப்பு. நாடா இல்லாதது. இடது. பரந்தாமன் அதை வேட்டி முனையால் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"அளவு?"

பிரேம்நாத் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தான். பாதத்தைச் சுற்றி பேனாவால் கோடு போட்டிருந்தது. விரல்களின் பக்கம் கோடு நடுங்கியிருந்தது.

"அவரே போட்டுக் குடுத்தாரு."

பரந்தாமன் ஷூவைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார்.

"நாப்பத்திரெண்டு. சொல்லி வச்ச மாதிரி இருக்கு. பெருவெரல்ல கொஞ்சம் ஜாஸ்தி எடம். அது நல்லதுதான், ஒத்தக் கால்ல நிக்கிறவருக்கு சாயங்காலம் வீங்கும்."

பிரேம்நாத் முதல் தடவையாகச் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.

"உனக்கு இன்னா ஒறவு? அண்ணனா?"

"இல்லணா."

"தோஸ்தா?"

"ஆஸ்பத்திரில பாத்துப் பழக்கம். போறப்பல்லாம் எதுனா வேணுமான்னு கேப்பேன். மூணு வருஷமா ஒண்ணும் கேக்கல. இப்பதான் இதக் கேட்டாரு."

"கூடப் பொறந்தவன்கூட இவ்ளோ அலைய மாட்டான்யா." பரந்தாமன் ஷூவைப் பையில் போட்டு நீட்டினார். "காசு வேணாம். எடுத்துக்கினு போ."

"இல்லணா. நான்தான் குடுக்கணும்."

விலை கேட்காமலே இரண்டு நோட்டை மேசைமேல் வைத்தான். காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினான்.

"அத இங்கயே வுட்டுட்டுப் போ தம்பி. இன்னொரு இடது வந்தா வச்சுப் பாத்து எடுத்து வைக்கிறேன். ஒரு ஷூ எத்தினி நாளைக்கு வரும்?"

பிரேம்நாத்தின் கை காகிதத்தின் மேலேயே இருந்தது. வெளியே ஒரு கம்பெனி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

"சரிணா," என்றான். "இருக்கட்டும்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனான்.

அளவைக் குறித்து வைக்கலாம் என்று பரந்தாமன் பேனாவை எடுத்தார். பாதத்தின் மேல் எழுத மனம் வரவில்லை. காகிதத்தைத் திருப்பினார்.

பின்பக்கம் கோர்ட்டில் கொடுத்த குற்றப்பத்திரிகையின் நகல். காயம்பட்டவர், ரத்தினசாமி. படம் எடுத்துப் பொய்ச் செய்தியை முதலில் பரப்பிய முதல் எதிரி, பிரேம்நாத், பேர்ணாம்பட்டு.

அதற்குக் கீழே இன்னும் பதினோரு பெயர்கள் இருந்தன. பரந்தாமன் ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தன் பெயரைத் தேடினார்.