கசிவு

பின்னால் சாய்ந்ததுதான் தவறு.

பெல்ட்டின் லாக் விழுந்துவிட்டது.

ஏணியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் இரும்புக் கம்பியை அது கவ்விக்கொண்டது. அவளுடைய பெல்ட் அதில் கோர்த்திருந்தது. ஏறவும் விடவில்லை. இறங்கவும் விடவில்லை.

காற்றாலைக் கோபுரத்துக்குள், தரைக்கும் முதல் மேடைக்கும் நடுவில், அவள் நின்றாள்.

மேடைவரை ஏறிவிட்டால் வேலை. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். மிச்சம் இருப்பது இந்த ஏணி மட்டும். பாதியில் இறங்கியவர்களை மறுபடி ஏற விடுவதில்லை.

கீழே கதவு திறந்து கிடந்தது. வெளிச்சம் வந்த வழியாகவே அழுகையும் உள்ளே வந்தது.

கைக்குழந்தையின் அழுகை.

"யாரு பிள்ளைடே இது, காத்தாடிக் காட்டுக்குள்ள?"

"உனக்கு முன்னாலயே வேலை கேட்டு வந்துட்டு போல."

தங்கள் முறைக்காகக் காத்து நின்ற இருவரும் சிரித்தார்கள்.

யார் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளையைக் கையில் கொடுத்து, ரோட்டோர டீக்கடையை விட்டு அசையாதே என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். புட்டிப் பாலைத் துப்பியிருக்கும். தங்கை பயந்திருப்பாள். தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள்.

கோபுரம் ஒரு பெரிய குழாய். அழுகை சுவரில் பட்டுப் பட்டு ஏறியது. அவளைத் தாண்டி, அவள் இன்னும் போகாத உயரத்துக்கெல்லாம் போனது.

மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. அதன்மேல் பெல்ட்டின் பட்டை. அதை ஒரு விரலால் விலக்கிக்கொள்ளத்தான் சாய்ந்தாள்.

காலையில், தேர்வு நடத்தும் ஜெபசிங் சார் கேட்டார். மற்றவர்களிடம் கேட்காத கேள்வி.

"வீட்டுல கைப்பிள்ளை ஏதும் உண்டுமா?"

இல்லை என்றாள்.

யோசிக்கவே இல்லை. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் உடம்பு அதைக் கேட்டுவிட்டது போல நெஞ்சு கனத்தது.

உண்டு என்று சொல்லியிருந்தால் பெல்ட்டையே கட்ட விட்டிருக்க மாட்டார்கள்.

மறுபடி அந்த அடுக்களை. மறுபடி அந்தப் பேச்சு. பிள்ளை கொஞ்சம் வளரட்டும். வளர்ந்த பிறகு சொல்ல வீட்டாரிடம் வேறொன்று இருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, லாக் ஆயிட்டோ?"

கீழிருந்து ஜெபசிங் சார்.

"பயப்படாத. பின்னால சாஞ்சா அது விடாது. ஏணியைக் கட்டிப் பிடி. நெஞ்சு ஏணில ஒட்டணும். ஒட்டினாத்தான் விடும்."

ஒட்டக் கூடாது.

ஒட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது.

"அக்கா அங்கயே குடியிருந்திருவாங்க போல, சார்."

"சும்மா கெடலே."

ஏணி அதிர்ந்தது. அவர் ஏறி வருகிறார். வந்து லாக்கில் கை வைத்துவிட்டால் தேர்வு முடிந்தது.

அழுகை இப்போது விக்கலாக மாறியிருந்தது. அழுது அழுது மூச்சு வாங்கும்போது வருகிற விக்கல். வீட்டில் அது அவ்வளவு தூரம் போக அவள் விட்டதே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். ஏணியைக் கட்டிப் பிடித்தாள்.

லாக் விட்டது.

உடம்பும் விட்டது.

சூடாக. பட்டைக்கு அடியில், சட்டைக்குள், வயிற்றில். துணியைத் தாண்டிப் படியில்.

ஏறினாள்.

விலகினால் லாக் விழும். ஒட்டினால் பால் வரும். ஒவ்வொரு படியிலும் நெஞ்சை ஒட்டி ஏறினாள். ஒவ்வொரு படியும் நனைந்தது. ஏற ஏற, குழந்தையை விட்டுத் தூரம் போகிறோம் என்று கால் சொன்னது. மார்புக்கு அது புரியவில்லை.

"ஏ, நில்லு."

அவர் கை ஏதோ ஒரு படியில் வழுக்கியிருந்தது.

"மேல எண்ணெய் கசியுது."

காற்றாலையில் எண்ணெய் கசிவது புதிதில்லை. எந்த எண்ணெய் என்பதை முகர்ந்துதான் சொல்வார்கள். அவர் விரலை மூக்கருகே கொண்டுபோவது மேலிருந்து தெரிந்தது.

மஞ்சள் ஹெல்மெட் அசையவில்லை.

இன்னொரு முறை முகர்ந்தார்.

இடுப்பிலிருந்து எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியை உருவினார். படியைத் துடைத்தார். அதற்கு மேல் படியையும். அவசரமில்லாமல், ஓரம்வரைக்கும்.

பிறகு அண்ணாந்து பார்த்தார். கீழே நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

அவள் தலை மேடையைத் தாண்டியிருந்தது. முழங்கையை ஊன்றினாள். முழங்காலை இழுத்து மேலே போட்டாள். இரும்புத் தரை குளிர்ந்தது.

மேடைக்கு வந்தவர் பெல்ட்டின் கொக்கியை அங்கிருக்கும் வளையத்தில் கோர்க்க வேண்டும். கோர்த்ததும் கீழே எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏறியதாக ஒப்புக்கொள்வார்கள்.

கொக்கி இரண்டு முறை வழுக்கி, பிறகு வளையத்தில் மாட்டிக்கொண்டது.

"மாட்டிட்டேன் சார்."

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. கோபுரம் அதை வாங்கி, மேலும் கீழும் சொல்லிக்கொண்டே இருந்தது.

கீழே இருவரும் கை தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான்.

அழுகை நிற்கவில்லை.

ஜெபசிங் சார் தட்டவில்லை. அவருடைய ஒரு கை ஏணியில் இருந்தது. இன்னொரு கையில் ஈரத் துணி.