ஹபீபா பக்கத்து விளிம்பு

"ஏணிய விட்டு எறங்குங்க! இப்பவே எறங்குங்க!"

கொட்டுகிற மழையில் வெயிலுமுத்து போட்ட சத்தத்துக்குத் தாராவியின் அந்தச் சந்தே வெளியே எட்டிப் பார்த்தது.

ஏணி உச்சியில் பக்கத்து வீட்டு ஹபீபா. கையில் சுத்தியல். வெயிலுமுத்துவின் தையல் பட்டறைக் கூரையும் அவள் வீட்டுக் கூரையும் சேருகிற இடத்தில், தகரக் கால்வாயை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில்தான் பட்டறைக்குப் புதுசாக வளைவுத் தகரக் கூரை போட்டார். அந்த வளைவில் வழியும் தண்ணீரும், அவள் வீட்டுச் சாய்வுக் கூரையில் இறங்கும் தண்ணீரும் ஒரே இடத்தில் சேரும். அது சந்துக்குப் போகத்தான் நடுவில் கால்வாயும் ஒரு குழாயும். அன்றைக்கு ஹபீபா நாள் முழுக்கச் சண்டை போட்டு, தன் பக்கத்து விளிம்பை நாலு விரல் உயர்த்தி வைக்கச் செய்தாள்.

"தண்ணி பொங்குனா உங்க பக்கம் போகட்டும். புதுக்கூரை போட்டது நீங்கதான!"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இன்று கால்வாய் பொங்கி, பட்டறைக்குள் ஒழுக ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்குள் பெட்டி பெட்டியாகப் பள்ளிக்கூடச் சட்டைகள். வெள்ளைத் துணியில் மெரூன் கட்டம் போட்ட காலர். நனைந்தால் சாயம் இறங்கிவிடும். சாயங்காலம் சட்டைகளை எடுக்க, ஆர்டர் கொடுத்த தாதர் சேட்டின் வண்டி வரும். இந்தத் தடவை கெட்டால் இனி ஆர்டர் கிடையாது. நகர்த்த இடமில்லை. ஒழுகுகிற இடமெல்லாம் பக்கெட் வைத்தாகிவிட்டது. கட்டிங் மாஸ்டர் நசீரும் ஆட்களும் பெட்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

"கால்வாய ஒடச்சு எம் பொழப்பக் கெடுக்கப் பாக்கீங்களா?" ஏணியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

"ஆட்டாதீங்க அண்ணாச்சி! குழாய்ல துணி அடச்சிருக்கு. கை எட்ட மாட்டேங்கு."

"அடச்சதே நீங்கதான?"

ஹபீபா கால்வாய்க்குள் கையை விட்டு, குழாய் வாயில் அகப்பட்ட ஒரு துண்டை மட்டும் பிடுங்கி எறிந்தாள். சதக்கென்று அவர் காலடியில் விழுந்தது. மெரூன் கட்டம்.

"இந்தக் கலர்ல எங்க வீட்டுல ஒரு கைக்குட்டகூடக் கெடையாது!"

சந்தில் யாரோ சிரித்தார்கள்.

வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை ஆட்கள் ஜன்னல் வழியே கூரைமேல் வீசுவதை அவரும் பார்த்திருக்கிறார். பார்த்தும் சும்மா இருந்திருக்கிறார். ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"சரி, எங்க துணிதான். அதுக்காகத் தகரத்த ஒடைக்கணுமா?"

பதிலுக்குச் சுத்தியல்தான் விழுந்தது. ஒன்று. இரண்டு. தகரம் கிறீச்சிட்டு மடங்கியது.

உள்ளேயிருந்து நசீர் கத்தினார். "அண்ணாச்சி! தண்ணி நின்னு போச்சு! ஒரு சட்டகூட நனையல!"

வெயிலுமுத்து நிமிர்ந்து பார்த்தார். மடங்கியிருந்தது ஹபீபா பக்கத்து விளிம்பு. கால்வாய்த் தண்ணீர் மொத்தமும் அவள் கூரைக்கு அடியில் புகுந்து, அவள் வீட்டு வாசல்படி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"உங்க வீடு..." என்று இழுத்தார்.

"தரைதான? தொடச்சா காஞ்சிரும்." முக்காட்டைப் பிழிந்துகொண்டே இறங்கினாள். "வாயப் பாத்துட்டு நிக்காதீங்க அண்ணாச்சி. ஒழுகுறதுக்கு வச்ச பக்கெட்டெல்லாம் இனி உங்க பட்டறையில சும்மாதான கெடக்கும்? இங்க கொண்டாங்க."