குடும்பப் பெயர்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பெயர் எழுதிய சீட்டை வாசல் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினேன்.

என் மேசையில் ஒட்டியிருக்கலாம்.

ஏன் ஒட்டினேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை ஜெர்மன் வகுப்பில் ரெஜினா மிஸ், "ஃப்ராவ் சென்னியப்பன்" என்று கூப்பிட்டார். செப்டம்பரில் நான் போகப்போகும் ஜெர்மனியில் ஒரு பெண்ணை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு இருப்பது அப்பாவின் பெயர். அந்த ஊரில் அதுவே குடும்பப் பெயர்.

நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டபோதும் வேறு யாரையோ என்று நினைத்தேன்.

"ஏங்க தாரணி, உங்கப்பாவக் கூப்பிடறாங்க. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றான் பின்வரிசை இர்ஃபான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாமோ என்று பஸ்ஸில் தோன்றியது.

அப்பா கரூரில் இருக்கிறார். வேறு வீடு. வேறு மனைவி.

நான் எட்டாவது படிக்கும்போது போனார். அவர் போன அந்த வாரமே அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினாள். அதன்பிறகு இந்த வீட்டில் அவர் பெயர், என் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்துதான்.

"அங்க காலிங் பெல்லுல, தபால் பெட்டியில எல்லாம் இந்தப் பேரு மட்டுந்தாம்மா இருக்கும். இப்பவே பழகிக்கோ" என்றார் மிஸ்.

பழகத்தான் ஒட்டினேன்.

வெள்ளைத் தாளில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினேன். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தட்டினேன். சீட்டைப் பார்த்து, நான் சென்னியப்பன் என்று ஜெர்மனில் சொன்னேன். முதலில் குரல் ஒட்டவில்லை. பிறகு தயங்காமல் வந்தது.

அந்தத் திருப்தியில் அரிசி களையப் போய்விட்டேன்.

என் பெரிய எழுத்துகள் அப்பா எழுதுவது போலவே இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

அம்மா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவாள். கதவைத் தட்டிக்கொண்டே என் பெயரைச் சொல்வாள்.

இன்று மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவருகே நின்றது.

தட்டவில்லை.

அப்போதுதான் சீட்டு நினைவுக்கு வந்தது. திட்டு விழும் என்று எண்ணிக்கொண்டேன். சொல்ல வேண்டிய பதிலையும் ஒருமுறை மனதுக்குள் சரிபார்த்தேன்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அம்மா பையைத் தரையில் வைத்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். நெற்றி முடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, சுருக்கம் நீவி, தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

பிறகு கதவோடு முகத்தை வைத்து, மெல்லக் கேட்டாள்.

"கண்ணு, உள்ள அவங்க வந்திருக்காங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. நான் சரிபார்த்து வைத்திருந்த பதில் அதற்குப் பொருந்தவில்லை.

கதவைத் திறந்தேன்.

"இல்லம்மா. நான்தான். வகுப்புக்காக எழுதினது."

அம்மா எனக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

முந்தானையை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். கால் கழுவப் போனாள். தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது.

காப்பி குடிக்கும்போது அவளாகவே கேட்டாள். "அங்க உன்ற ரூம்லயும் இதத்தான் ஒட்டோணுமா?"

"ஆமாம்மா."

"உன்ற பேரு?"

"அது வேண்டாமாம். குடும்பப் பேர் மட்டும் போதுமாம்."

"குடும்பப் பேரு" என்று அம்மா திருப்பிச் சொன்னாள். சிரித்தாள். டம்ளரிலிருந்த காப்பியை ஆற்றினாள். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. ஊட்ட உட்டுப் போனவங்க பேரத் தூக்கிட்டு நீயும் போற."

கேலியாகத்தான் சொன்னாள். நானும் கேலியாகவே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

செப்டம்பருக்குப் பிறகு, அம்மா படியேறி வரும்போது கதவைத் திறக்க உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். சோறு வடிக்க, கம்பளி மடிக்க, வங்கியில் பேச, வழி தவறினால் கேட்க என்று எனக்கு எல்லாவற்றுக்கும் பயிற்சி இருக்கிறது. அம்மாவுக்கு எதற்கும் இல்லை. இது இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியும் தள்ளி வைத்தேனோ என்னவோ.

சீட்டைக் கிழிக்க எழுந்தேன்.

"கெடக்குது, உடு" என்றாள் அம்மா. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

நாளை: அம்மா வேலைக்குப் போன பிறகு, கரூருக்கு, அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும்.