அந்தப் பக்கம் எவ்வளவு விழும்?

“அப்பாதானே நமக்குப் பணம் அனுப்பணும்? நாம ஏம்மா அப்பாவுக்கு அனுப்புறோம்?”

போன வாரம் மகள் கேட்ட கேள்வி. அம்மா, தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். “வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு. வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று அதட்டினாள்.

வெளிநாட்டில் கணவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடி மாதங்கள் ஆகிவிட்டன. சம்பளமும் இல்லை, தங்கும் அனுமதியும் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அபராதம் கட்டினால் ஊர் திரும்பலாம்; இல்லாவிட்டால் சிறைதான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைப் புரட்டிவிட்டாள். அபராதத்துக்குச் சரியாக இருந்தது. அனுப்பும் செலவென்று யாராவது அதில் கிள்ளிவிட்டால், ஈடுகட்ட வீட்டில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

யாரைக் கேட்பது? தையல் கம்பெனியில் இந்த விவரமெல்லாம் அத்துப்படியானவள் இஸ்திரி அக்கா ஒருத்திதான். அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். சம்பள நாள் வந்தால் போதும், கைபேசியோடு மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிவிடுவாள். “வந்த பணத்தை எண்ணப் போயிட்டா” என்று எல்லோரும் சிரிப்பார்கள். காலர் தைப்பவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

டீ இடைவேளையில் இஸ்திரி மேசைப் பக்கம் போனாள். நீராவிக்கு நடுவே வேர்த்து நின்றிருந்தாள் அக்கா. கட்டிங் மாஸ்டர் டீயை உறிஞ்சியபடி வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

“கப்பல் கப்பலா காசு வருது. என்னிக்காவது ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கியாம்மா நீ? எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டே!”

“வர்றதையெல்லாம் டீயா குடிச்சுட்டா மாடி வீடு எப்படி மாஸ்டர் கட்டுறது?” என்றாள் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். காலர் தைப்பவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, ஒரு விஷயம். என் தங்கச்சி வீட்டுக்காரர் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டாரு. இங்கிருந்து பணம் அனுப்பணுமாம். செலவு கம்மியா எதுல அனுப்பலாம்னு கேட்டா.”

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“பேங்க்ல போடச் சொல்லாதே. நடுவுல இன்னொரு பேங்க் உக்காந்து ஒரு வாய் கடிச்சுட்டுத்தான் விடும்.”

“கடைத்தெருவுல ஒருத்தன் கட்டணமே இல்லைன்னு போர்டு வெச்சிருக்கானாமே?”

“சும்மா யாருடி செய்வா? கட்டணத்துல விட்டதை மாத்துற ரேட்டுல பிடிச்சிடுவான். எங்க போனாலும் ஒரே கேள்விதான் கேக்கணும். ‘அந்தப் பக்கம் கையில எவ்வளவு விழும்?’ மத்ததெல்லாம் வெறும் பேச்சு.”

காசு புரளும் இடத்தில் விவரமும் தானாகப் புரளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் காலர் தைப்பவள். அக்கா அவள் கைபேசியை வாங்கி ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள்.

“இதுல முதல் தடவை கட்டணம் கிடையாது. ரேட்டும் நியாயமா இருக்கும். அவசரம்னு ஒண்ணு கேக்கும், அதைத் தொட்டா கூடுதல் காசு. சாதாரணமா போனாலே நாளைக்குச் சேர்ந்துடும். அங்க இருக்கிறவரோட பேரு அவங்க பேங்க் கணக்குல எப்படி இருக்கோ அப்படியே அடிக்கணும். ஒரு எழுத்து பிசகினாலும் பணம் பாதி வழியில நின்னுடும்.”

“சரிக்கா.”

“உன் தங்கச்சிகிட்ட சொல்லு, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லைன்னு. கட்டினவன் கஷ்டத்துல இருக்கும்போது காசு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்கிட்டா இருக்க முடியும்? போ, மணி அடிக்கப் போறான்.”

நல்ல வார்த்தையைக் கடவுள் யார் வாயில் வைத்து அனுப்புவார் என்று முன்கூட்டித் தெரிவதில்லை.

மதிய உணவு நேரத்தில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து குனிந்த முதுகு சுவரில் சாய்ந்ததும் வலித்தது. கணவன் பெயரை எழுத்துக் கூட்டி அடித்தாள். திரை அந்தப் பக்கம் விழும் தொகையைக் காட்டியது. அபராதத்துக்கு ஒரு காசு குறையவில்லை. “ஆண்டவனே” என்று சொல்லி அழுத்தினாள். பணம் போய்விட்டது.

அவள் எழப்போகும்போது திரையில் இன்னொரு கேள்வி வந்தது. ‘எங்களைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் யார்? அவருடைய எண்ணைத் தந்தால் அவருக்கும் ஒரு சலுகை உண்டு.’

அலுப்போடு சிரித்துக்கொண்டாள். பணம் வாங்குகிற அக்காவுக்கு இதில் என்ன சலுகை? இருந்தாலும் சொல்லிக்கொடுத்த வாய்க்கு வேறு எதைத் திருப்பிக் கொடுப்பது? இஸ்திரி அக்காவின் எண்ணை அடித்தாள்.

‘நன்றி. இவர் நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் எங்கள் மூலம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பி வருபவர். அடுத்த முறை அனுப்பும்போது இவருக்குக் கட்டணம் இல்லை. இது உங்களால் கிடைத்த சலுகை என்று அவருக்குத் தெரிவிக்கலாமா?’

அந்த எழுத்துகளை மறுபடியும் படித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.