பதினொரு அலுமாரியும் ஒரு நியமனமும்

கடிதத்தை நஜீம் ஹாஜியார் மூன்றாவது தடவையும் படித்தார்.

'திங்கட்கிழமை முதல் றாஹிலா அக்கரைப்பற்றுக் கிளையின் முகாமையாளராகக் கடமையேற்பார்.'

கீழே அவருடைய பெயர். ஆனால் அவர் எழுதவில்லை.

எழுதியது, தன் தளபாடக் கம்பெனிக்கென்று போன மாதம் அவர் எடுத்த செயற்கை நுண்ணறிவுச் சேவை. அது எங்கோ கிளவுட்டில் இருந்துகொண்டு, கடை வட்ஸ்அப்பில் வரும் போகும் குரல் செய்திகளையெல்லாம் கேட்கும். கேட்டதைச் செய்தும் முடிக்கும். கல்முனைக் கடைத்தெரு முழுக்க அதைப் பெருமையாகப் புளுகித் திரிந்தவர் ஹாஜியார்தான்.

புளுகாமல் என்ன செய்வார்? முதல் வாரமே அது பாலமுனைக்குப் பதினொரு அலுமாரி அனுப்பியது. விலை கேட்டுவிட்டு, 'இன்ஷா அல்லாஹ் எடுப்பம்' என்று நழுவிய பதினொரு வீடுகள். வாசலில் லொறி நிற்க, அக்கம்பக்கம் பார்த்திருக்க, திருப்பி அனுப்ப ஒன்பது வீட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியொரு வியாபாரம் கடை திறந்த நாளிலிருந்து நடந்ததில்லை.

இப்போது கடிதம் இருபத்திரண்டு ஊழியர்களின் கைபேசிக்கும் போயிருந்தது. எல்லோரும் ஹாஜியாரின் மேசையைச் சுற்றி நின்று மாஷா அல்லாஹ் சொன்னார்கள். மூன்று வருடமாக றாஹிலா இந்தப் பதவியைக் கேட்கிறாள் என்பது கடையில் யாருக்குத்தான் தெரியாது? அவள் மட்டும் பில் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தாள்.

ஹாஜியார், சேவையை விற்ற கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தார். பதற்றத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் அழுந்திவிட்டது.

"ஹாஜியார், செவ்வாய்க்கிழமை றாஹிலா எண்டவங்க கேட்டிருக்காங்க. நீங்க 'இன்ஷா அல்லாஹ் தருவம்' எண்டிருக்கீங்க. அது 'ஓம்' எண்டு எடுத்திருக்கு. பிழையெண்டா சொல்லுங்க, இனி 'இன்ஷா அல்லாஹ்' எண்டா 'இல்ல' எண்டு எடுக்கச் சொல்லி மாத்திவிடுறன்."

றாஹிலா பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மனிதர், இத்தனை பேருக்கு முன்னால் அதற்கு எப்படி ஓம் சொல்வார்?

"ஒண்டும் மாத்தத் தேவல்ல. அது சரியாத்தான் விளங்கியிரிக்கி."

கடை கைதட்டியது. றாஹிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று வருடமும் அவள் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று, நேரில்தான் கேட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக, ஐந்தடி தூரத்தில் இருந்தவருக்குக் கடை வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக் கேட்டாள்.