தமிழ் கூடாது சார்!

“கடைசியா சொன்னியே, அதுக்கு மட்டும் தமிழ்ல அர்த்தம் சொல்லிடும்மா” என்று கெஞ்சினார் முதலாளி.

டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். “தமிழ் கூடாது சார். உங்க ரூல்.”

“என் கத்தியாலேயே என்னைக் குத்தறே! சரி, நடத்து” என்று சிரித்தார் அவர்.

முதலாளியின் மொழிப் பள்ளியில் கீழே ஒரு மொழி, மாடியில் இன்னொன்று. இரண்டுக்கும் டீச்சர் ஒருவர்தான். முதலாளிக்கு இரண்டிலும் ஒரு வார்த்தை வராது. சட்டம் மட்டும் அவருடையது. மொழிபெயர்ப்பு கிடையாது. குழந்தை மாதிரி காதால் கேட்டே கற்க வேண்டும்.

போன வருடம் பின்வரிசையில் படித்த நர்ஸ் ஒருத்தி புரியாமல் விழிக்க, டீச்சர் ஒரே ஒரு வார்த்தைக்குப் போர்டில் தமிழில் அர்த்தம் எழுதினார். உள்ளே பாய்ந்து வந்த முதலாளி, “கையால அழி!” என்றார். உள்ளங்கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வகுப்பு முடியும்வரை டீச்சரை வாசலில் நிற்க வைத்தார். மாணவர்கள் தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்து போனார்கள்.

இப்போது அதே முதலாளிக்கு வெளிநாட்டில் மாப்பிள்ளை. சம்பந்திகள் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் மொழியிலேயே பேசி அசத்த வேண்டும். அந்த நாட்டிலேயே வேலை பார்க்கும் மகளுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று ரகசியப் பாடம்.

டீச்சர் படம் காட்டினார், கையை ஆட்டினார், நடித்தே காட்டினார். ஆபீஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“வாசல்ல நிக்க வெச்ச மனுஷனுக்கா இந்தப் பாடு படறே? நானா இருந்தா தப்புத் தப்பா சொல்லிக் கொடுத்திருப்பேன்டி!”

“சேச்சே! ஒரு தப்புகூட இருக்காதுக்கா. அந்த ஊர்க்காரனே அசந்துடுவான் பாருங்க.”

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் போலச் சொன்னார் டீச்சர்.

விருந்து நாள் வந்தது. டீச்சரும் மேஜையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். வரவேற்பு, குடும்பப் பெருமை, மகளைக் கையில் ஒப்படைக்கும் உருக்கம். தங்கு தடையில்லாமல் கொட்டி முடித்தார்.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை கையில் தூக்கிய டம்ளர் பாதியிலேயே நின்றது.

“பாத்தியா? வாயடைச்சுப் போயிட்டாங்க!” என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தார் முதலாளி.

மகள் முகம் வெளுத்திருந்தது. டீச்சர் தன் உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஐயோ அப்பா, இவங்களோடது கீழ் கிளாஸ் மொழி. நீங்க பேசினது மாடி கிளாஸ் மொழி!”